ஒரு சுற்று அதிகம்

ஜூன் 6, 1994, திங்கள்

இன்றும் ஒரு சுற்று இடிக்கிறது.

காலையில் ஹாலிஃபீல்ட் நாற்பது சுற்று ரேஸ் ஓட்டினார். அவர் முதலாளி, அதனால் அவர் வீடியோ கேம் ஆடினாலும் அதற்குப் பெயர் வேலை. நான் வழக்கம்போல டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரம் எழுதினேன். ரேஸ் முடிந்தது. கட்டம்போட்ட கொடி ஆடியது. முதலிடம் என்று திரையில் வந்தது. என் அட்டையில் முப்பத்தொன்பது கட்டங்கள்தான் நிரம்பியிருந்தன.

கர்ட்டிடம் போய்ச் சொன்னேன். இந்த கேமின் புரோகிராம் முழுக்க அவன் எழுதியது. மினசோட்டாவிலிருந்து வந்தவன், இருபத்துநான்கு வயது. வீட்டுக் கார் சாயலில் வட்டமாகச் சுற்றுகிற ஸ்டாக் கார் ரேஸை வைத்து கேம் எழுதுகிறான், ஆனால் அப்படி ஒரு ரேஸைக்கூட நேரில் பார்த்ததில்லை. சனிக்கிழமை வா, கூட்டிப்போகிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். சனிக்கிழமை அவனுக்குத் துணி துவைக்கிற நாளாம்.

அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "மெஷினுக்கு எண்ணத் தெரியும் வெர்லீன். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்" என்றான்.

இந்த ஊரில் அவன் வயதுப் பிள்ளை நாற்பத்தொரு வயதுப் பெண்ணிடம் 'மேடம்' போடாமல் பேசினால் பெற்றவள் காதைத் திருகுவாள். அவனைப் பெற்றவள் மினசோட்டாவில் இருக்கிறாள். என்ன செய்வது.

ஜூன் 7, செவ்வாய்

என்னை எதற்கு வேலைக்கு எடுத்தார்கள் என்று இன்று ஹாலிஃபீல்ட்டிடம் நேராகவே கேட்டேன். ரேஸ் தெரிந்தவர் ஒருவராவது அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக என்றார். அப்படியானால் நான் சொல்வதைக் கேட்கலாமே என்றேன். கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

மார்ச்சிலிருந்து இதுவரை நான் சொன்னதில் கேட்டது ஒன்று: நிஜப் பாதையில்போலக் கார்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். கர்ட் முதலில் எழுதியதில் வலப்பக்கம் சுற்றின. இங்கே கரோலினாவில் அந்த கேம் கேசட்டை விற்றிருந்தால் கடைக்காரனே திருப்பி எறிந்திருப்பான்.

கேட்காதவை: எஞ்சின் சத்தம் தையல் மெஷின்போல இருக்கிறது. ஓடுகிற கார்கள் பன்னிரண்டே பன்னிரண்டு. பார்வையாளர் கூட்டம் ஒரு வரிசை வண்ணப் புள்ளிகள். இதற்கெல்லாம் ஒரே பதில், கேசட்டுக்குள் இருக்கும் சிப்பில் இடமில்லை. சரி, இடமில்லை. ஒன்றிலிருந்து நாற்பதுவரை எண்ணுவதற்குமா இடமில்லை?

ஜூன் 8, புதன்

நான்கு ரேஸ் எழுதினேன். நான்கிலும் அட்டையும் மெஷினும் ஒத்துப்போயின. கர்ட் புருவத்தை மட்டும் தூக்கினான். அதற்குப் பேசாமல் திட்டியிருக்கலாம்.

ஜூன் 9, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது.

மறுபடியும் ஹாலிஃபீல்ட்தான் ஓட்டினார். சுற்று எழுதிப் பழகியவள் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள், அதனால் திரையின் மூலையில் ஓடும் எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை. இன்று வேண்டுமென்றே பார்த்தேன். பதினேழாவது சுற்றில் டயர் மாற்ற பிட்டுக்குள், பாதையை ஒட்டிய ஓரத் தடத்துக்குள், வந்தார். தனக்கான கட்டத்தில் நிறுத்த வேண்டும். பிரேக் பிடிப்பது அவருக்கு எப்போதுமே தாமதம். கட்டத்தைத் தாண்டிப் போனார். முடிவுக்கோடு பிட்டுக்குள்ளும் நீண்டு வருகிறது, அந்தக் கட்டத்தின் முன்விளிம்பை ஒட்டியே போகிறது. கார் மூக்கு கோட்டைத் தாண்டியது, மூலையில் பதினேழு ஆனது. ரிவர்ஸ் எடுத்துக் கட்டத்துக்குள் வந்தார், டயர் மாற்றினார், கிளம்பினார். மூக்கு மறுபடி கோட்டைத் தாண்டியது. பதினெட்டு.

ஓடாத சுற்று ஒன்று கணக்கில் ஏறிவிட்டது. பென்சில் கையிலேயே நின்றுவிட்டது எனக்கு. அடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நேரம் எழுதவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை.

இதேதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பிரையர் க்ரீக்கில் நடந்தது அப்படியே இதேதான்.

ஜூன் 10, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் இதைத் தாளில் எழுதியதே இல்லை.

1982 ஆகஸ்ட். பிரையர் க்ரீக் ஓட்டப்பாதை, இருநூறு சுற்று. என் தம்பி டோர்ஸிக்கு அப்போது இருபத்தைந்து வயது, அறுபத்தொன்றாம் எண் கார். சார்லட் நகரத்திலிருந்து ஒரு பெரிய ரேஸ் அணியின் சொந்தக்காரர் அவனைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார். ஜெயித்தால் அவர் காரில் ஓட்டலாம். ஊருக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் சுற்றை எண்ண எந்தக் கருவியும் கிடையாது. ஒவ்வொரு காரும் தன் ஆளைத் தானே கொண்டுவரும். மனைவி, அக்கா, அம்மா, யாராவது. கோட்டுக்கு நேர்மேலே பலகைப் பரண். அதில் வரிசையாக நாங்கள் பெண்கள், மடியில் அட்டை, எதிரே பெரிய கடிகாரம். உன் கார் கோட்டைத் தாண்டினால் நேரத்தை எழுது. அவ்வளவுதான். சொந்தக்காரி எழுதுவதுதான் கணக்கு. யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை, ஏனென்றால் யாரும் பொய் எழுதவில்லை. எழுதினால் மறுவாரம் அதே பரணில் அதே பெண்களோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும்.

நூற்று நாற்பத்து மூன்றாவது சுற்றில் டோர்ஸி பிட்டுக்குள் வந்தான். வேகமாக வந்தான். கட்டத்தைத் தாண்டி, கோட்டையும் தாண்டித்தான் நின்றான். பிட்டில் இருந்தவர்கள் பின்னால் தள்ளினார்கள், டயர் மாற்றினார்கள், அவன் மறுபடி கோட்டைத் தாண்டிப் போனான். நான் ஒரு நேரம்தான் எழுதினேன். எங்கள் சித்தப்பா மகன் வெஸ்டர் பிட் சுவரில் பலகையில் எண்ணிக்கொண்டிருந்தான், அவன் இரண்டு கோடு போட்டுவிட்டான்.

கொடி எட்டாம் எண் காருக்கு விழுந்தது. டோர்ஸி தான்தான் இருநூறை முதலில் முடித்ததாக நின்றான். தகராறு. அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இதுல நூத்துத் தொண்ணூத்தொம்போதுதான் இருக்கு மேடம். விட்டுப்போச்சா?"

விட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பரணுக்குக் கீழே என் குடும்பமே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் விடவில்லை என்று சொன்னேன். சார்லட்காரர் எழுந்து தன் வண்டியைத் தேடிப் போனார்.

டோர்ஸி அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். "நான் கட்டத்தத் தாண்டல. அவ கோட்டப் பாக்கல." வெஸ்டரும் அதையேதான் சொன்னான். பிட்டில் நின்ற மற்ற மூன்று பேரும் அதையேதான். ஐந்து பேர் ஒன்றைச் சொல்ல, நான் ஒருத்தி இன்னொன்றைச் சொன்னால் எத்தனை நாள்தான் என்னையே நான் நம்புவது? ஒருவேளை கண்ணை எடுத்துவிட்டேனோ. ஒருவேளை அவன் தாண்டியதாக நானே நினைத்துக்கொண்டேனோ. அதற்குப் பிறகு யாரும் என்னைச் சுற்று எழுதக் கூப்பிடவில்லை.

டோர்ஸிக்கு இப்போது முப்பத்தேழு. பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கிற தொழில். சனிக்கிழமை மட்டும் உள்ளூர்ப் பாதையில் ஓட்டுகிறான். என்னோடு பேசுவதில்லை.

ஜூன் 12, ஞாயிறு

சர்ச்சிலிருந்து அம்மா வீட்டுக்குப் போனேன். கோழி, பச்சை பீன்ஸ், பிஸ்கட் ரொட்டி. கேமில் நான் கண்டுபிடித்ததை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டை எடுத்துவிட்டாள். "அத மறுபடி கிண்டாத வெர்லீன். அவன் பாவம்" என்றாள்.

அவன் பாவம். சரி. நான்?

ஜூன் 13, திங்கள்

கர்ட்டை உட்கார வைத்து நானே ஓட்டிக் காட்டினேன். வேகமாக வந்து, தாண்டி, ரிவர்ஸ். எண்ணிக்கை ஒன்றுதான் ஏறியது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் ஒன்றுதான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், காபி கொண்டுவந்து கொடுத்தான்.

மதியம்தான் புரிந்தது. நான் ஓட்டியது நான்காம் எண் கார், அதன் பிட் கட்டம் கோட்டுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஹாலிஃபீல்ட் எப்போதும் எடுப்பது அறுபத்தொன்று. கோட்டை ஒட்டிய கட்டம் அதற்கு மட்டும்தான். ஆமாம், அறுபத்தொன்று. புகழ்பெற்ற ஓட்டுநர்களின் பெயரெல்லாம் எங்களுக்கு எட்டாது என்று ஹாலிஃபீல்ட் உள்ளூர்ச் சனிக்கிழமை ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேரிடம் அவர்கள் பெயரையும் எண்ணையும் கேமில் போடக் கையெழுத்து வாங்கிவிட்டார். அதில் டோர்ஸியும் ஒருவன். அவன் என் தம்பி என்பது கையெழுத்து வாங்கிய பிறகுதான் அவருக்குத் தெரியும்.

அறுபத்தொன்றை எடுத்து ஓட்டிக் காட்டினேன். இரண்டு ஏறியது. கர்ட் விளக்கம் சொன்னான். ரேஸ் பாதையில் இந்தத் தப்பு வராதாம். எதிர்ப்பக்கத்தைத் தாண்டி வந்தால்தான் அடுத்த சுற்றை எண்ணும்படி அங்கே ஒரு சரிபார்ப்பு வைத்திருக்கிறானாம். பிட்டுக்கும் வைத்திருந்தானாம், இடம் போதாமல் எடுத்துவிட்டானாம்.

"யாரு வெர்லீன் வேணும்னே தாண்டிப் போய் ரிவர்ஸ் எடுக்கப் போறா? நூத்துல ஒருத்தன்."

ரேஸ் ஓட்டுகிறவன் எவனும் வேண்டுமென்று தாண்டுவதில்லை, தாண்டியதாக ஒத்துக்கொள்வதும் இல்லை என்றேன். அவனுக்கு அது நகைச்சுவையாகப் பட்டது.

ஜூன் 15, புதன்

சோதனைத் தாள் மேசைக்கு வந்துவிட்டது. கடைசி வரி: 'தெரிந்த பிழைகள் அனைத்தும் மேலே குறிக்கப்பட்டுள்ளன.' அதன் கீழே என் கையெழுத்து வேண்டும். முப்பதாம் தேதி மூலப் பிரதி சிப் அடிக்கிற தொழிற்சாலைக்குப் போகிறது. சிப்பில் அடித்துவிட்டால் அடித்ததுதான். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எத்தனை ஆயிரம் கேசட்டோ, அத்தனையிலும் அறுபத்தொன்றாம் கார் ஓடாத சுற்றை ஓடியதாகவே இருக்கும், என்றைக்கும்.

சுற்றுப் பிழையை எழுதி, ஹாலிஃபீல்ட் மேசையில் வைத்தேன். தாள் மதியம் திரும்பி வந்தது. நான் எழுதிய வரி வெள்ளை மையால் அழிக்கப்பட்டிருந்தது. போய்க் கேட்டேன்.

"கலிஃபோர்னியாக்காரன் இதப் படிச்சான்னா ஆகஸ்டுக்குத் தள்ளிருவான் வெர்லீன். ஒரு சுத்து கூடத்தானே குடுக்குது? குறைச்சுக் குடுத்தாத்தான் சண்டைக்கு வருவாங்க. கூடக் குடுத்தா எவன் திருப்பிக் கொண்டுவருவான்?"

கலிஃபோர்னியாக்காரர்கள் என்றால் கேசட்டை நாடு முழுக்க விற்கப் போகிறவர்கள். அவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கும் நாற்பதுவரை எண்ணத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். போடுகிற ஆள் கிடைப்பான் என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. நல்ல மனிதர்தான், அதுதான் எரிச்சல்.

ஜூன் 17, வெள்ளி

தாள் மேசையிலேயே கிடக்கிறது. அதன்மேல் காபிக் கோப்பையை வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, திங்கள்

வெள்ளிக்கிழமை டோர்ஸி அலுவலகத்துக்கு வருகிறான். உள்ளூர் ஓட்டுநர் தன் பெயரிலேயே ஓடும் கேமை விளையாடுகிறார் என்று மாவட்டச் செய்தித்தாளில் படம் போடப் போகிறார்களாம். பன்னிரண்டு பேரில் ஏன் அவன் என்று கேட்டேன். அவன்தான் இந்த வருடம் அதிக ரேஸ் ஜெயித்திருக்கிறான் என்றார் ஹாலிஃபீல்ட். உண்மைதான். அம்மா வெட்டி வைக்கும் பேப்பர் துண்டுகளை நானும்தான் படிக்கிறேன்.

அன்று லீவு போடுகிறாயா என்று அவரே கேட்டார். கரிசனமாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். சுற்று எழுத ஆள் வேண்டும்.

ஜூன் 24, வெள்ளி

வந்தான். புதுத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. கழுத்துப் பின்பக்கம் அப்பாவுடையதேபோல் சிவந்து தடித்துவிட்டது. எல்லோருக்கும் கைகொடுத்தான். என் முன்னால் வந்தபோது தொப்பி விளிம்பைத் தொட்டு, "வணக்கம் மேடம்" என்றான். கூடப் பிறந்தவளுக்கு மேடம். கர்ட் கற்றுக்கொள்ளட்டும்.

திரையில் தன் காரைப் பார்த்ததும் முகம் சுளித்தான். அவனுடைய கார் காபிக்கொட்டை நிறம். கேம் பெட்டியில் அந்த நிறம் வராது, ஊதாவாகத்தான் வரும்.

"எம் பேர எழுதி கத்திரிக்காய ஓட விட்டிருக்கீங்களே" என்றான். செய்தித்தாள்காரர் சிரித்து அதையும் குறித்துக்கொண்டார்.

எதிர் ஆட்டக்காரன் கர்ட். நாற்பது சுற்று. நான் பின்னால் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன். டோர்ஸி அதைப் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐந்து சுற்றுகளில் அவனுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. கர்ட் மாதக்கணக்கில் எழுதிய பாதையில் கர்ட்டுக்கே தெரியாத வழியெல்லாம் கண்டுபிடித்தான். முன்னால் போகிற காரின் வாலோடு ஒட்டிக்கொண்டு கடைசி நொடியில் உள்பக்கம் புகுவான். எனக்கு அந்த நேரம் எல்லாம் மறந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மனதுக்குள் போடா போடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாவது சுற்றில் பிட்டுக்குள் வந்தான். வருகிற வேகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தாண்டினான். மூக்கு கோட்டுக்கு அந்தப் பக்கம். ரிவர்ஸ். டயர். கிளம்பினான். நான் ஒரு நேரம் எழுதினேன்.

கர்ட்டைவிட ஒரே ஒரு சுற்று முன்னால் முடித்தான். கைதட்டல். ஹாலிஃபீல்ட் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் தயாராக வைத்திருந்தார். செய்தித்தாள்காரர் கேமராவைத் தூக்கினார். டோர்ஸி சிரித்தான், வருடக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு, முன்பல் இரண்டும் தெரிய.

சும்மா இருந்திருக்கலாம். அட்டையை மடித்துப் பையில் போட்டிருக்கலாம். கேம்தானே, பொம்மைக் கோப்பைதானே. ஆனால் பரணில் அன்றைக்குச் சொன்னதை இங்கே விழுங்கினால், அன்றைக்குச் சொன்னதும் பொய் என்று ஆகிவிடும். எனக்கே ஆகிவிடும்.

"முப்பத்தொம்போது" என்றேன்.

கேமரா இறங்கியது. டோர்ஸி திரும்பினான். "என்ன மேடம்?"

"முப்பத்தொம்போது சுத்துதான் ஓட்டியிருக்க டோர்ஸி. இருபத்தி ரெண்டுல கட்டத்தத் தாண்டிப் போய் பின்னால வந்த. பெட்டி அத ரெண்டா எண்ணிருச்சு."

"நான் தாண்டல."

நான் கர்ட்டைப் பார்க்கவில்லை. அவன் தானாகத்தான் பேசினான்.

"தாண்டினீங்க சார். நான் பாத்தேன். அவங்க ரெண்டு வாரமா இதத்தான் சொல்லிட்டிருக்காங்க."

தான் தோற்றதும் கணக்கு முக்கியமாகிவிட்டது பிள்ளைக்கு. இருக்கட்டும். 'சார்' என்று சொல்லவும் வருகிறது அவனுக்கு.

டோர்ஸி கேம் கைப்பிடியை மேசைமேல் வைத்தான். எறியவில்லை, ஒயரைச் சுற்றி ஒழுங்காக வைத்தான். கோப்பையை அதன் பக்கத்தில் வைத்தான். "இங்கயும் இவளத்தான் உக்கார வெச்சிருக்கீங்களா" என்று ஹாலிஃபீல்ட்டிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டான். செய்தித்தாள்காரர் என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். எழுத வேண்டாம் என்றேன்.

ஜூன் 25, சனி

ரெண்டு தடவை ஜெயிச்சத எடுத்துட்டேன் அவன்கிட்டேயிருந்து. ரெண்டு தடவை. வேறு யார் வீட்டு அக்காவாவது இப்படிச் செய்வாளா?

ஜூன் 26, ஞாயிறு

செய்தி வந்துவிட்டது. உள்பக்கத்தில் சின்னதாக. கத்திரிக்காய் இருக்கிறது. 'எண்ணத் தெரியாத கேம்' என்று இருக்கிறது. உள்ளூர் ஓட்டுநர் பிட் கட்டத்தைத் தாண்டினார் என்றும் இருக்கிறது. சர்ச் வாசலில் வெஸ்டரின் மனைவி என்னைப் பார்த்ததும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா வீட்டுக்குப் போகவில்லை. பன்றி ஈரலில் செய்கிற லிவர்மஷ் பொரித்து ரொட்டியில் வைத்து, நின்றுகொண்டே தின்றேன்.

ஜூன் 27, திங்கள்

பெட்டி கட்டிக்கொண்டு போகச் சொல்வார் என்று என் கோப்பையையும் குடையையும் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். ஹாலிஃபீல்ட் அந்தச் செய்தித்தாளோடு வந்தார். கலிஃபோர்னியாக்காரன் கூப்பிட்டானாம். நம் மாவட்டச் செய்தித்தாளை அங்கே யார் படிக்கிறார்களோ தெரியாது, யாரோ படிக்கிறார்கள். முப்பதுக்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் இல்லையாம்.

"சந்தோஷமா உனக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மை.

ஜூன் 28, செவ்வாய்

கர்ட் சரிபார்ப்பைத் திரும்ப வைக்க வேண்டும், அதற்குச் சிப்பில் இடம் வேண்டும். எதை எடுப்பது என்று அரைநாள் சண்டை. கடைசியில் கொடி அசைக்கிறவரின் இடது கையை எடுத்தான். இதுவரை இரண்டு கையாலும் கொடி ஆட்டினார், இனி ஒரு கைதான். மறு கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹாலிஃபீல்ட்டுக்கு அந்த ஆள்மேல் தனிப் பிரியம், தன் அப்பா சாயலில் வரையச் சொன்னாராம். என்னிடம் பேசவில்லை.

ஜூன் 30, வியாழன்

அறுபத்தொன்றாம் காரை இருபத்தாறு தடவை தாண்டவிட்டுப் பார்த்தேன். கால் வண்டி நீளம், அரை வண்டி, முழு வண்டி. தாண்டி, பின்னால் வந்து, மறுபடி தாண்டி. இருபத்தாறிலும் ஒன்றுதான் ஏறியது. கையெழுத்துப் போட்டேன். காபி வட்டம் தாளில் அப்படியே இருக்கிறது. மூன்று மணிக்கு எடுத்துப் போனார்கள். யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை. கர்ட் மட்டும் போகும்போது, சனிக்கிழமை ரேஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

ஜூலை 3, ஞாயிறு

நேற்று ரேஸுக்குக் கர்ட்டைக் கூட்டிப்போனேன். முதல் சுற்றிலேயே காதைப் பொத்திக்கொண்டான். டோர்ஸி இரண்டாவது வந்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தான். எஞ்சின் சத்தம் கேமில் தப்பாக இருக்கிறது என்று திரும்பி வரும்போது கர்ட் என்னிடம் சொன்னான். என்னிடம்.

ஜூலை 12, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரம். டோர்ஸியின் இழுவை வண்டி வாசலில் இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடினேன். அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி கர்ட்டிடம் போனான்.

"சரி பண்ணிட்டியாமே. போடு பாப்பம்."

கர்ட் என்னைப் பார்த்தான். நான் போடச் சொன்னேன்.

தனியாக ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். பதினெட்டாவது சுற்றில் பிட்டுக்குள் வந்தான். இந்தத் தடவை முன்கூட்டியே பிரேக் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. வேண்டுமென்றே போனானா, அவனுக்கு அப்படித்தான் வருமா, தெரியாது. தாண்டினான், ரிவர்ஸ் எடுத்தான், கிளம்பினான். மூலையில் எண்ணிக்கை ஒன்றுதான் ஏறியது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பாதையைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மூன்று கார்கள் அவனைத் தாண்டிப் போய்விட்டன. நான்காவதாக முடித்தான்.

கைப்பிடியைக் கீழே வைக்கவில்லை. திரும்பவும் இல்லை.

"அன்னிக்கு எவ்வளவு தாண்டினேன்?" என்று கேட்டான்.

எந்த அன்றைக்கு என்று கேட்கத் தேவையில்லை. "அர வண்டி" என்றேன்.

"இல்ல. மூணடி. தரையில டயர் தடம் இருந்துச்சு. வெஸ்டர் அன்னிக்கு சாயங்காலமே டேப் வெச்சு அளந்தான்."

சாயங்காலமே. நான் அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து, கண்ணை எடுத்தேனா இல்லையா என்று நினைத்து நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இவர்கள் ஐந்து பேரும் டேப் வைத்து அளந்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சேவா டோர்ஸி?"

"சார்லட்டு ஆளு எந்திரிச்சுப் போயிட்டாரு. யாரு மேலயாவது பழி போடணும்ல அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தக் கைப்பிடியைப் பிடுங்கி அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும்போல் இருந்தது. எழுந்து வெளியே போய் அவன் வண்டியில் சாய்ந்து நின்றேன். தகரம் வெயிலில் கொதித்தது. கண்ணை எடுக்கவில்லை, கண்ணை எடுக்கவில்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நின்றேன், பக்கத்துக் கம்பளக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும்வரை. நிம்மதியா கோபமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோபம்தான் அதிகம். இதை எழுதும்போதும் அதுதான் அதிகம்.

உள்ளே வந்தபோது அவன் போயிருப்பான் என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்தான். திரையில் கார்கள் புறப்படத் தயாராக நின்றன. பொத்தானை அழுத்தாமல் வைத்திருந்தான்.

"எழுத ஆள் வேணாமா?" என்றான், கர்ட்டிடம் கேட்பதுபோல.

புது அட்டை எடுத்தேன். மேலே 61 என்று எழுதினேன். ஓட்டினான். முப்பத்தோராவது சுற்றில் சுவரில் மோதிவிட்டான். முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினேன். படித்துப் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.